கிழிந்த கோட்டுக் காகம்

தரணி,

நீ டேப்லெட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டை முடித்துவிட்டேன். "சின்ன கேம்தாம்ப்பா, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும், பொழுது போகலன்னா ஆடிப் பாருங்க" என்று சொன்னாய். எனக்குப் பத்தொன்பது நாள் ஆனது. இதைச் சொல்ல எதற்கு இத்தனை பெரிய கடிதம் என்று நினைப்பாய். விளையாட்டோடு முடிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருப்பேன். அது என்னைக் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பஸ் ஏற வைத்துவிட்டது. போன வாரம் நீ கூப்பிட்டபோது சொல்லத்தான் வாயெடுத்தேன். மழை பெய்ததா என்று கேட்டாய். பெய்தது என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எழுதுவதென்றால் எனக்கு வரும். முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக ரிப்போர்ட் எழுதியவன்.

நீ கனடா போன பிறகு இந்த வேங்கிக்கால் வீட்டில் என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் ஒரு ஆளுக்குச் சமைப்பது ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் எவ்வளவு கம்மியாகச் செய்தாலும் மிஞ்சுகிறது. பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் கேன்டீன் வரை நடந்து போய் டீ குடிப்பேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் அங்கே இப்போது இல்லை. புதுப் பிள்ளைகள் நான் மனு கொடுக்க வந்தவன் என்று நினைத்து, "எந்த செக்‌ஷன் சார் போகணும்?" என்று கேட்பார்கள். ஒருநாள் வாய்க்கு வந்த ஒரு செக்‌ஷன் பெயரைச் சொல்லிவிட்டு அங்கே பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் பொழுது சாயும் முன் சாப்பிட்டு முடிக்கும் பழக்கம் ஒன்றுதான் நாளுக்கு ஒரு கடைசி என்று இருக்கிறது. கேஸ் சிலிண்டர் போட வந்தவரை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானம் உன் விளையாட்டைத் திறந்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நான் பார்த்தபடி சொல்கிறேன். மலைமேல் ஒரு தங்கும் விடுதி. நடத்துகிறவள் ஒரு நாரை. தங்கியிருப்பவர்கள் இரட்டை ஆந்தைகள், குடை விற்கும் பன்றி, எப்போதும் தூங்கி வழியும் பூனை. சமையலறையில் பாத்திரம் தேய்ப்பது, கிழிந்த கோட்டுப் போட்ட ஒரு காகம். வாசலில் தொங்கிய பித்தளை மணி காணவில்லை. துப்பறிய ஒரு நத்தையைக் கூப்பிடுகிறார்கள். அந்த நத்தைதான் நான். அது மாடிப்படி ஏறவே ஒரு நிமிஷம் ஆகிறது. என் வேகத்துக்குச் சரியாக இருந்தது. ஒரு அறையில் முள்ளில்லாத கடிகாரம், ஒரு அறையில் வரிசை மாற்றிவைத்த தேநீர்க் கோப்பைகள், சமையலறைத் தரையில் கொட்டிய மாவில் காலடித் தடங்கள். கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும்: மணியை எடுத்தது யார், எங்கே வைத்தார், ஏன். ஆங்கிலம் எனக்கு ஆபீஸ் ஆங்கிலம்தான். ஆந்தைகள் பேசும் நகைச்சுவை பாதி புரியவில்லை. ஆனால் அளப்பது என் தொழில். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து டேப்லெட்டின் மேல் வைத்து அளந்தேன். ஒவ்வொருவர் பாதமும் எத்தனை மில்லிமீட்டர் என்று பழைய டைரியில் குறித்துக்கொண்டேன். நத்தையிடம் வாய்விட்டுப் பேசவும் ஆரம்பித்திருந்தேன். "இரு, அவசரப்படாத" என்று அதற்குச் சொல்வேன், அது என்னவோ ஓடப்போகிற மாதிரி.

ஒன்பதாவது நாள் எனக்குச் சந்தேகமே இல்லை. காகம்தான். நோட்டில் நிரப்பினேன். நான் எதிர்பார்த்தது கைதட்டல் சத்தமோ என்னவோ. காகம் ஏப்ரனைக் கழற்றியது, நான்காக மடித்து மேடைமேல் வைத்தது, ஒரு சின்ன மூட்டையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டது. விளையாட்டு முடியவில்லை. மறுநாள் காலை உணவுக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், மணி இன்னும் கிடைக்கவில்லை, பாத்திரங்கள் தேய்க்காமல் கிடக்கின்றன. நத்தையின் நோட்டில் "எடுத்தது யார்" என்ற கோடு மறுபடியும் காலியாக இருக்கிறது. நான் டேப்லெட்டை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை.

எதற்காகக் காகம் என்று முடிவு செய்தேன்? டைரியைப் புரட்டிப் பார்த்தேன். அதன் காலடி மாவில் இல்லவே இல்லை. அதற்கு எதிராக நான் குறித்திருந்தது ஒரே வரி: "கோட்டு கிழிந்தது." இதைப் படித்ததும் எனக்குப் பூபாலன் ஞாபகம் வந்துவிட்டது.

பூபாலனை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நீ பார்த்த பூபாலன் வேறு, நான் பார்த்த பூபாலன் வேறு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நாள் தவறாமல் உன்னோடு வீட்டுக்கு வந்தவன். அப்பா இல்லாத பையன். அம்மா சத்துணவுக்கூடத்தில் உதவியாளர். அவன் செருப்பில்லாமல் வருவான், வாசலிலேயே காலைத் தட்டிவிட்டு உள்ளே வருவான். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அந்தக் கார்த்திகை தீபத்துக்கு வீடு முழுக்க சொந்தக்காரர்கள். ஆபீசில் எனக்குக் கொடுத்திருந்த டிஜிட்டல் கேமரா வீட்டில் இருந்தது. அளவைக் கல் படம் எடுக்கக் கொடுத்தது. தீபம் முடிந்து மூன்றாம் நாள் தேடினால் இல்லை. மாமாக்களைக் கேட்க முடியுமா, சித்தப்பாவைக் கேட்க முடியுமா? பூபாலனைக் கேட்டேன். கேட்டேன் என்பதுகூடப் பொய். வாசலில் நிற்கவைத்து, "எட்த்திருந்தா குட்த்துடு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவன், "நான் எடுக்கலீங்க" என்றான். நான் அவன் பையை வாங்கிக் கொட்டினேன். நோட்டுகளும் ஒரு காலி டிபன் டப்பாவும் விழுந்தன. நீ கதவுக்குப் பின்னால் நின்று, "அவன் எடுக்கலப்பா" என்றாய். உன்னை உள்ளே போகச் சொன்னேன். அன்று சாயங்காலமே சத்துணவுக்கூடத்துக்குப் போய், மற்றவர்கள் கேட்க, அவன் அம்மாவிடமும் சொன்னேன். எல்லைக் கல்லை யார் நகர்த்தினார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்மேல் எனக்கு ஜாஸ்தியாகவே நம்பிக்கை இருந்தது.

பூபாலன் அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த மாதம் அவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான், அம்மாவும் அவனும் மாமா ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆபீசில் எனக்கு மெமோ வந்தது. வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வருஷம் தீபத்துக்கு வருகிறவர்களுக்காகப் பரண்மேல் இருந்த கம்பளிகளை எடுக்க ஏணியில் ஏறினேன். இரண்டாவது கம்பளியின் மடிப்புக்குள் கேமரா இருந்தது. கூட்டத்தில் தொலைந்துவிடப் போகிறதே என்று நான்தான் வைத்திருக்கிறேன். கையில் எடுத்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது, எந்த ஏணி, எந்தச் சாயங்காலம் என்பது வரைக்கும். எறும்பை மிதிக்காமல் பார்த்து நட என்று உனக்கு நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்த வீடு நம் வீடு. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஆபீசில் நான் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அதுகூட இல்லை. அந்தப் பையன் முன்னால் போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. கேமராவைத் துணியில் சுற்றி பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டினேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் போகிறவரைக்கும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து விளையாட்டை மறுபடி திறந்து டைரியை முதலிலிருந்து பார்த்தேன். மாவில் இருந்தது நீளமான மூன்று விரல் தடம். நாரையின் தடம். முதல் நாளே அளந்து எழுதியிருந்தேன், ஆனால் வீட்டுக்காரி காலடி வீட்டில் இருக்கத்தானே செய்யும் என்று கணக்கில் எடுக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் கடிகாரப் பெட்டியைத் திறந்தபோது மணி உள்ளே இருந்தது. சத்தம் தாங்காமல் அவளே கழற்றி வைத்து, மறந்து, பிறகு ஞாபகம் வந்தும் ஊரைக் கூட்டிவிட்டோமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். கடைசிக் காட்சியில் நத்தை பாலத்தடியில் காகத்தைத் தேடிப் போகிறது. பேச மூன்று வாக்கியம் தருகிறார்கள். மழை பெய்கிறது என்று ஒன்று. காலை உணவு தயார் என்று ஒன்று. நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒன்று. எது வேண்டுமானாலும் தொடலாம். நான் மூன்றாவதைத் தொட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம். ஒரு படத்தின்மேல் விரல் வைக்கவே இத்தனை தயக்கம் என்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு அன்று தெரிந்தது. மறுநாள் காலை லாக்கரைத் திறந்தேன்.

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சத்துணவில் வேலை பார்த்த சரோஜா என்று கேட்டுக் கேட்டுப் போனேன். வீட்டின் முன்னால் ஒருவன் இரண்டு ஆட்களோடு மினி லாரியில் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். முன்வழுக்கை, கனத்த உடம்பு. நான் அடையாளம் கண்டுகொள்ளும் முன் அவன் கண்டுகொண்டான். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தான்.

"இன்னாங்க இவ்ளோ தூரம்? தரணி நல்லாத்தானே இருக்கான்?"

"நல்லா இருக்கான். உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. பையிலிருந்து கேமராவை எடுத்து நீட்டினேன். அவன் அதைக் கையில் வாங்கவில்லை, பார்த்தான்.

"எங்க ஊட்டு பரண்லயே இருந்துச்சு. நான்தான் வெச்சேன். அடுத்த வருஷமே கெடச்சிடுச்சு. உங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும், சொல்லல."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். பரவாயில்லை என்று சொல்லிவிடுவானோ என்றும் பயந்தேன். இரண்டும் இல்லை.

"எங்கிட்ட சொல்றது இருக்கட்டுங்க. உள்ள வந்து எங்கம்மாகிட்ட சொல்லுங்க. அதுக்குக் காது கேக்காது, கொஞ்சம் சத்தமா சொல்லணும்."

சரோஜா அம்மா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய்ச் சொன்னேன். அவர் மகனைப் பார்த்து, "இன்னாடா சொல்றாரு?" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. தரணி, நான் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. "பூபாலன் திருடல. கேமரா எங்க ஊட்லதான் இருந்துச்சு. நான் சொன்னது பொய்" என்று கத்தினேன். லாரியில் நின்றவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள். மூன்றாவது தடவை கத்தியபோதுதான் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. கையை நீட்டி கேமராவை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்துனூண்டா? இதுக்கா?"

பிறகு என்னைப் பார்க்காமல் கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெளக்கமாத்தாலயே அடிச்சேங்க. கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணச் சொன்னேன், பண்ணான். அப்பவும் நம்பல. ஆபீசர் பொய் சொல்வாரான்னு கேட்டேன். அந்தப் புள்ள வந்து சொல்லியும் நம்பல நான்."

"எந்தப் புள்ள?" என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை. பூபாலன் குனிந்து அவர் காதில் கேட்டான்.

"உங்க புள்ளதாங்க. பஸ்ஸேறி வந்துச்சே, ஸ்கூல் டிரெஸ்ஸோட. கேமரா கெடச்சிடுச்சு, எங்கப்பா பரண்லேந்து எட்த்தாரு, நான் பாத்தேன்னு சொல்லுச்சு. நீ சின்னப் புள்ள, பெரியவங்க வந்து சொல்லட்டும்னு அனுப்ச்சிட்டேன்."

பூபாலன் ஸ்டூலை உள்ளே எடுத்து வந்து போட்டான், அப்போதுதான் உட்கார்ந்தேன். எனக்கு அந்த நாள் தெரியும். நீ பத்தாம் வகுப்பு. ட்யூஷன் போகாமல் எங்கேயோ சுற்றிவிட்டு நேரங்கழித்து வந்தாய். எங்கே போனாய் என்று எத்தனை தடவை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் அறைந்தேன். அப்போதும் நீ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிடிவாதம் என்று நினைத்தேன். நான் சொல்வதற்காக நீ காத்துக்கொண்டு நின்றாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

பஸ் ஸ்டாண்டுக்குப் பூபாலன் கூட நடந்து வந்தான். "ரெண்டு நாள் பொறுடா, அப்பாவே வந்து சொல்வாருன்னான். அப்புறம் பரீட்சை முடியட்டும்னான். அப்புறம் அவனும் அதப் பேசல, நானும் கேக்கல" என்றான். இப்போதும் நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொள்வீர்களாமே. அவன் கல்யாணத்துக்கு நீ வந்தாயாம். சென்னையில் வேலை என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போன நாளாக இருக்கும். கனடா போகும் முன் அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாயாம். இருபது வருஷம் உன் ஒரே நண்பனை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்று நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். நீங்கள் யாரும் தனியாக இல்லை. நம் வீட்டில் அந்தக் கேமராவோடு தனியாக இருந்தவன் நான் ஒருவன்தான். அவனிடம், "தரணிகிட்ட சொல்லிடுறியா?" என்று கேட்டேன். "அது நீங்க சொல்லணுங்க" என்றான். பஸ் கிளம்பும்வரை நின்றான். மறுபடி வாங்க என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இனிமேல் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் அப்பன் கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். உன் கீழே இப்போது ஆறு பேர் வேலை செய்கிறார்கள் என்றாய். ஒருநாள் ஏதாவது காணாமல் போகும், ஏதாவது கெட்டுப்போகும். உன் மனம் தானாக ஒருவன் பக்கம் திரும்பும். அவன்மேல் ஏன் திரும்பியது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார். எழுதியபின் அதை உரக்கப் படி. வெட்கப்படாமல் படிக்க முடிந்தால் மட்டும் அவனிடம் பேசு. தப்பு என்று தெரிந்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு. மறுநாள் போனால் ஒரு படி ஜாஸ்தி ஏற வேண்டியிருக்கும். இருபது வருஷம் கழித்துப் போனால், காது கேட்காதவர்கள் முன்னால் ஊர் கேட்கக் கத்த வேண்டியிருக்கும். அதுவும் நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று சத்துணவுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவன், நான்கு பேர் கேட்காமல் திரும்ப வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

இந்த விளையாட்டை நீ வேண்டுமென்றேதான் போட்டுக் கொடுத்தாயா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சும்மா கண்ணில் பட்டதாகவும் இருக்கலாம். அதை உன்னிடம் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவன் நீ. உன் கன்னத்தில் அறைந்ததற்கும், உன்னை அத்தனை வருஷம் காத்திருக்க வைத்ததற்கும் நான் இங்கே மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. கனடாவுக்குத் தபால் போய்ச்சேர மூன்று வாரம்கூட ஆகலாம் என்று தபாலாபீசில் சொன்னார்கள். படித்துவிட்டு, கோபம் இருந்தால் ஆறும்வரை இரு. பிறகு கூப்பிடு. மழையைப் பற்றிக் கேட்காதே. பள்ளிக்கூட டிரெஸ்ஸோடு நின்றுகொண்டு நீ கேட்காமல் விட்டாயே, "ஏம்ப்பா சொல்லல?" என்று, அதைக் கேள். அதற்கு என்னிடம் நல்ல பதில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் நீ கேள். நான் போனை வைக்க மாட்டேன்.

அப்பா